ஐம்பது யானைகளும் ஒரு தராசும்

பிறை தொழிற்பேட்டையில், மின்னணுத் தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் (கியூசி) பிரிவில் இருப்பவர்களுக்குப் பழகிப்போன கேள்வி இது. ஒரு லாட்டிலிருந்து 60 உதிரிகளை எடுத்துச் சோதித்தாயிற்று; ஒன்றுகூடப் பழுதில்லை. அப்படியானால் பழுது விகிதம் எவ்வளவு? அந்த 60-ஐ மட்டும் பார்த்தால் பூஜ்யம். ஆனால் அந்த உதிரிகளைச் செய்யும் இயந்திரத்தோடு பல வருடங்கள் கழித்த சூப்பர்வைசர் ஒப்புக்கொள்ள மாட்டார். அவருக்குத் தெரிந்ததையும் கணக்கில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம் என்பது தாமஸ் பேயஸின் வழி. அதைச் சொல்லும் அவருடைய கட்டுரை அவர் இறந்தபின் 1763-இல் வெளிவந்தது. இருபதாம் நூற்றாண்டில் புள்ளியியலர்கள் ஃபிஷரும் நெய்மனும் ஆளுக்கொரு பாதை போட்டார்கள். தங்களுக்குள் கடுமையாக மோதிக்கொண்டாலும் பேயஸை ஒதுக்கியதில் இருவரும் ஒன்றுதான்.

இந்த மூன்று வழிகளிலும் நடந்து பார்த்தவர் தேவப்ரதா பாசு. 1924-இல் டாக்காவில் பிறந்தவர், கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சி. ஆர். ராவின் மாணவர். பெர்க்லியில் நெய்மனின் முறையில் தோய்ந்து திரும்பியவர், 1954-55 குளிர்காலத்தில் கொல்கத்தா வந்த ஃபிஷரின் உரைகளைக் கேட்டுக் குழம்பினார். அந்தக் குழப்பத்தை அவர் மறைக்கவில்லை, விடாமல் துரத்தினார். கடைசியில் பேயஸிடம் வந்து சேர்ந்தார். இந்த நேர்மைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

1971-இல் அச்சான ஒரு கட்டுரையில் அவர் சொன்ன கதை இது. சர்க்கஸ் முதலாளியிடம் 50 யானைகள். கப்பலேற்ற மொத்த எடை தெரிய வேண்டும். யானையை நிறுப்பது லேசான வேலையா? மூன்று வருடத்துக்கு முந்தைய பதிவில் சாம்போ என்ற யானை சராசரி எடையில் இருந்தது. அதை மட்டும் நிறுத்து 50-ஆல் பெருக்கினால் போதும் என்கிறார் முதலாளி. புள்ளியியலர் பதறுகிறார்: குலுக்கல் இல்லாமல் தேர்ந்தெடுப்பதா? கடைசியில் சமரசம்: குலுக்கலில் சாம்போவுக்கு 100-இல் 99 வாய்ப்பு, மற்ற 49 யானைகளுக்கும் தலா 4,900-இல் 1.

சாம்போதான் வருகிறது. எடை 4,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நிறுத்த எடையை வாய்ப்பால் வகுக்க வேண்டும் என்பது விதி. விடை 4,040 கிலோ. ஐம்பது யானைகளுக்கும் சேர்த்து! 5,000 கிலோ எடையுள்ள ஜம்போ என்ற யானை வந்திருந்தால்? இரண்டரைக் கோடிக்குச் சற்றுக் குறைவாக, 2,45,00,000 கிலோ. ஆனாலும் விதியில் பிழையே இல்லை. எல்லாக் குலுக்கல்களின் சராசரியும் உண்மையான மொத்த எடைதான். கதையில் புள்ளியியலருக்கு வேலை போகிறது.

நடக்காத குலுக்கல்களின் சராசரி சரியாக இருந்தால், தராசில் நிற்கும் யானையைப் பற்றிய விடையும் சரியாகிவிடுமா என்பதே பாசுவின் கேள்வி.

நம் 60 உதிரிகளுக்கு வருவோம். அதே இயந்திரம் முன்பு தந்த 940-இல் 5 பழுது என்று பதிவு இருந்தால், இரண்டையும் சேர்த்து 1,000-க்கு 5, அதாவது 0.5 சதவீதம். போன வாரம் இயந்திரத்தில் ஏதாவது பாகத்தை மாற்றியிருந்தால் அந்தப் பழைய 940-க்கு இவ்வளவு எடை தரலாமா? அதை சூப்பர்வைசரிடம்தான் கேட்க வேண்டும்.