கிட் கார்: பார்ட் பொருந்தலைன்னா என்ன பண்றது? கிரைண்டரை எடுக்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

பிரிட்டனில் ஒரு வீட்டு கராஜ். ஒருவர் பல மாதச் சனி, ஞாயிறுகளைச் செலவழித்து, தனக்கான ஸ்போர்ட்ஸ் காரைத் தானே கட்டிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சேஸிஸ் ரெடி. இன்ஜின் உட்கார்ந்துவிட்டது. இன்று பானெட்டை மூடிப் பார்க்கும் நாள்.

மூடுகிறார். முன்பக்கம் இடது ஓரத்தில் 8 மி.மீ. இடைவெளி. வலது ஓரத்தில் 2 மி.மீ. மட்டும்.

காசு கொடுத்து வாங்கிய புத்தம் புது பார்ட். அது ஏன் பொருந்தலை? கை தானாக கிரைண்டரைத் தேடுகிறது. 'வலது ஓரத்தைக் கொஞ்சம் சீவிவிட்டா போச்சு' என்கிறது மனசு.

கொஞ்சம் பொறுங்க. கிட் கார் கட்டுபவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். பொருந்தாத பார்ட் வருவது பெரிய விஷயமே இல்லை. அது ஏன் பொருந்தவில்லை என்று தெரியாமலே வெட்டுவதுதான் பிரச்னை.

கிட் கார் என்றால் என்ன?

ஐகியா அலமாரி மாதிரிதான், ஆனால் காராக வரும். கம்பெனி சேஸிஸ், பாடி, பிராக்கெட்டுகள் எல்லாவற்றையும் அனுப்பிவைக்கும். இன்ஜின், கியர்பாக்ஸ் போன்றவற்றைப் பெரும்பாலும் ஒரு பழைய காரிலிருந்து கழற்றி எடுப்பார்கள். அதற்கு 'டோனர் கார்' என்று பெயர். ஃபோர்டு சியரா, மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்றவை பலரும் தேடிப்போகும் டோனர்கள்.

இந்தப் பழக்கம் பிரிட்டனில் வேரூன்றியதற்கு வரியும் ஒரு காரணம். காலின் சாப்மனின் லோட்டஸ் நிறுவனம் 1957-ல் 'செவன்' என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தது. முழு காராக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு. பாகங்களாக வாங்கினால் கிடையாது. ஆனால் பூட்டும் முறையைச் சொல்லும் கையேடு கூடவே வரக் கூடாது என்பது விதி. லோட்டஸ் என்ன செய்தது தெரியுமா? 'கழற்றும் முறை' என்று கையேடு கொடுத்தது. வாங்கியவர்கள் அதைக் கடைசியிலிருந்து தலைகீழாகப் படித்து காரைப் பூட்டினார்கள்!

1973-ல் வாட் வரி வந்ததும் அந்தச் சலுகை போனது. ஆனால் ஆர்வம் போகவில்லை. அதே ஆண்டு செவனின் உரிமையை வாங்கிய கேட்டர்ஹாம், இன்றும் அந்த வடிவத்தில் கார் விற்கிறது. 1996-ல் ரான் சாம்பியன் என்பவர், 250 பவுண்டில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டுவது எப்படி என்று புத்தகமே எழுதினார். 'லோகாஸ்ட்' என்ற பெயரில் சேஸிஸைக்கூட வீட்டிலேயே வெல்டிங் செய்யும் கூட்டம் அதன் பிறகு உருவானது.

சரி, ஏன் பொருந்த மாட்டேங்குது?

பெரிய தொழிற்சாலையில் ஒரே கதவை லட்சக்கணக்கில் அடிக்கும் அச்சுகள் இருக்கும். கிட் கார் சின்னப் பட்டறைத் தொழில். கை வேலை அதிகம். அதனால் வித்தியாசம் வருவது சகஜம். முக்கியமாக நான்கு காரணங்கள்.

1. ஃபைபர் சுருங்கும்: பாடி பெரும்பாலும் கண்ணாடி இழையும் ரெசினும் சேர்த்துச் செய்வது. ரெசின் இறுகும்போது சுருங்கும். முழுசாக இறுகும் முன் அச்சிலிருந்து எடுத்துவிட்டாலோ, சரியாகத் தாங்கு கொடுக்காமல் சாய்த்து வைத்திருந்தாலோ வளைந்துபோகும்.

2. வெல்டிங் இழுக்கும்: வெல்டிங் சூட்டில் விரிந்த இரும்பு, ஆறும்போது சுருங்கித் தன் பக்கம் இழுக்கும். எதிரெதிரே நிற்கும் இரண்டு பிராக்கெட் தகடுகள் 1 மி.மீ. நெருங்கிவிட்டால் போதும், நடுவில் போக வேண்டிய புஷ் உள்ளே போகாது.

3. பெயின்ட்டும் இடத்தை அடைக்கும்: சேஸிஸ் மேல் பூசும் பவுடர் கோட்டிங் ஒரு பக்கத்துக்குச் சுமார் 0.1 மி.மீ. தடிமன் வரும். ஓட்டைக்குள் இரண்டு பக்கமும் பூசினால் 12 மி.மீ. போல்ட் மாட்டிக்கொள்ளும். 'ஓட்டை சின்னதா போட்டுட்டாங்க' என்று நினைத்து டிரில்லை எடுப்பவர்கள் உண்டு. உண்மையில் பெயின்ட்டைச் சுரண்டினாலே வேலை முடிந்தது.

4. அங்குலமா, மில்லிமீட்டரா: பழைய பிரிட்டிஷ் கார்களில் அங்குல போல்ட்டுகள். பின்னால் வந்தவற்றில் மில்லிமீட்டர். 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ. பார்க்க 8 மி.மீ. போல்ட் மாதிரியே இருக்கும். ஆனால் மரையின் இடைவெளி வேறு. இரண்டு சுற்று போகும், அப்புறம் இறுகும். அதை ஸ்பேனர் போட்டு முறுக்கினால் மரை காலி.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பார்ட்டிலும் 1 மி.மீ. பிசகு இருந்து, மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்தால், கடைசியில் மாட்டும் பார்ட்டில் 3 மி.மீ. தெரியும். பழி விழுவது கடைசி பார்ட் மேல். தப்பு அங்கே இல்லாமலும் இருக்கலாம்.

முதல் வேலை: எதையும் இறுக்காதீங்க

தையல்காரர் எடுத்த எடுப்பில் மெஷினில் தைத்துவிட மாட்டார். முதலில் ஓட்டுத்தையல் போட்டு, போட்டுப் பார்க்கச் சொல்வார். கிட் காரிலும் அதேதான். பெயின்ட், பசை, ரிவெட் எதுவும் இல்லாமல் எல்லாவற்றையும் தற்காலிகமாக மாட்டிப் பார்க்க வேண்டும். போல்ட்டுகள் கையால் திருகிய அளவில் லூஸாகவே இருக்கட்டும். எல்லாம் தத்தம் இடத்தில் உட்கார்ந்த பிறகே, ஒவ்வொன்றாக, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும்.

முதலில் ஒரு போல்ட்டை முழுசாக இறுக்கிவிட்டால் நான்காவது ஓட்டை நேர்கோட்டில் வராது. இது பார்ட்டின் குறை இல்லை, வரிசையின் குறை.

அடுத்தது: தப்பு எங்கே இருக்கு?

பொருந்தாத பார்ட்டை விட்டுவிட்டு, அது உட்காரும் இடத்தை அளங்கள். சேஸிஸ் தரையில் சமமாக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். தாங்கு கட்டைகளில் ஒன்று உயர்ந்திருந்தால் லேசான சேஸிஸ் முறுக்கிக்கொண்டு நிற்கலாம். மூலைக்கு மூலை குறுக்காக அளந்தால் இரண்டு அளவும் ஒன்றாக வர வேண்டும். முன்னிருந்து பின்வரை நடுவில் ஒரு நூல் கட்டி, அதிலிருந்து இரு பக்கமும் அளப்பது இன்னும் நல்லது.

அப்படியும் வெட்டத்தான் வேண்டுமென்றால், முதலில் அட்டையில் வெட்டிப் பாருங்கள். அட்டை வீணானால் நஷ்டம் இல்லை.

எதைச் சீவலாம்? எதைத் தொடவே கூடாது?

தாராளமாகச் சரிசெய்யலாம்: ஃபைபர் ஓரங்கள், அலுமினியத் தகடுகள், விளக்கு, கண்ணாடி மாட்டும் பிராக்கெட்டுகள். பாடியைப் பிடிக்கும் ஓட்டை கொஞ்சம் பெரிதானாலும் அகலமான வாஷர் போட்டுச் சமாளிக்கலாம். பல கிட்களில் ஃபைபர் ஓரத்தை வேண்டுமென்றே கொஞ்சம் அதிகமாக விட்டே அனுப்புவார்கள். வாங்கியவர் சீவிக்கொள்ள வேண்டும். கிரைண்டரைவிட அரம் பாதுகாப்பானது. கொஞ்சம் தேய், வைத்துப் பார், மறுபடி தேய். ஓட்டை போடும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, சின்ன டிரில்லில் ஆரம்பித்தால் மேல்பூச்சு சில்லு சில்லாகப் பெயராது. ஃபைபர் தூசி நுரையீரலுக்கு ஆகாது, மாஸ்க் கட்டாயம்.

யோசித்துச் செய்ய வேண்டியவை: சஸ்பென்ஷன் புஷ் உட்காரும் பிராக்கெட். இடம் இறுக்கமாக இருந்தால் முதலில் பெயின்ட்டைச் சுரண்டுங்கள். சுரண்டிய இடத்தில் துரு பிடிக்காமல் மறுபடி பூச வேண்டும். இடம் லூஸாக இருந்தால் 'ஷிம்' எனப்படும் மெல்லிய வாஷர் போட்டு நிரப்புங்கள். போல்ட்டை இறுக்கித் தகடுகளை ஒன்றுசேர்த்துவிட நினைக்காதீர்கள். அந்த இழுவிசை முழுவதையும் வெல்டிங் தாங்க வேண்டிவரும். பின்னால் விரிசல் விடுவது அங்கேதான்.

தொடவே கூடாதவை: ஸ்டீயரிங், பிரேக், சஸ்பென்ஷன் சேஸிஸோடு சேரும் புள்ளிகள், சீட் பெல்ட் மாட்டும் இடங்கள். பாடியில் ஓட்டை பெரிதானால் பானெட் கோணலாக இருக்கும், அவ்வளவுதான். சஸ்பென்ஷனில் ஓட்டை பெரிதானால், வேகமாக ஓடும்போது சக்கரத்தின் கோணமே மாறலாம். ஸ்டீயரிங் ராடைச் சூடு காட்டி வளைப்பது, பிரேக் பாகத்தைச் சீவி உள்ளே நுழைப்பது எல்லாம் உயிரோடு விளையாடுவது. இங்கே பொருந்தவில்லை என்றால் சரியான பார்ட்டை வாங்குவது மட்டுமே வழி.

ஃபைபரிலும் ஒரு எச்சரிக்கை. வளைந்த பானெலை போல்ட் போட்டு இழுத்துப் பிடித்தால் அன்றைக்கு அழகாகத்தான் இருக்கும். சில மாதம் ஓடிய பிறகு ஓட்டையைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி கீறல் விழும்.

எப்போ திருப்பி அனுப்பணும்?

வெட்டும் முன் போட்டோ எடுத்து, அளவுகளைக் குறித்து, விற்றவரிடம் கேட்பதுதான் முதல் படி. 'அந்தப் பிராக்கெட் இடது, வலது மாறிப்போச்சு' என்பதுபோல ஒரே போனில் முடிகிற விஷயமாகவும் இருக்கலாம்.

பிரிட்டனில் 2015-ம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வியாபாரியிடம் வாங்கிய பொருள் சொன்னபடியும் பயன்படும் தரத்திலும் இருக்க வேண்டும். குறை இருந்தால் முதல் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம். ஆனால் நீங்கள் ஏற்கெனவே சீவிய பார்ட்டோடு போய் நின்றால், குறை வரும்போதே இருந்ததா, உங்கள் அரம் செய்ததா என்ற வாக்குவாதம்தான் மிஞ்சும். பெட்டி வந்த வாரமே எல்லாவற்றையும் பிரித்து அளந்துவிடச் சொல்வது இதனால்தான். ஆறு மாதம் பரணில் போட்டுவிட்டுப் பிறகு பிரிப்பது கைக்காசுக்கு ஆபத்து.

கடைசியில் ஒரு எக்ஸாம்

வீட்டில் கட்டிய காரை பிரிட்டனில் சாலையில் ஓட்ட, பெரும்பாலும் 'ஐவிஏ' எனும் தனி வாகன அங்கீகாரச் சோதனையில் பாஸாக வேண்டும். 2009-ல் பழைய சோதனை முறைக்குப் பதிலாக இது வந்தது. பிரேக், ஸ்டீயரிங், சீட் பெல்ட், விளக்கு என எல்லாவற்றையும் பரிசோதகர் பார்ப்பார். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓரங்களின் வளைவு குறைந்தது 2.5 மி.மீ. ஆரம் இருக்க வேண்டும். பாதசாரி மேல் பட்டால் கிழித்துவிடக் கூடாது என்பதற்காக இந்த விதி. அவசரத்தில் சீவி, பிசிறோடு விட்ட ஓரம் இங்கே மாட்டும்.

பாதியில் நின்ற கிட் கார்கள் பிரிட்டனில் எப்போதும் விற்பனைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றை வாங்குபவர்கள் முதலில் தேடுவது, முந்தைய ஆள் எங்கெங்கே வெட்டியிருக்கிறார் என்பதைத்தான்.

அந்த பானெட் என்ன ஆச்சு?

இடது 8, வலது 2. கூட்டினால் 10. சரிபாதியாகப் பிரித்தால் இரண்டு பக்கமும் 5. அதாவது பானெட்டின் அகலம் சரியாகவே இருக்கிறது. அது 3 மி.மீ. வலது பக்கம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பானெட்டின் முன்பக்கத்தைத் தாங்குவது காரின் மூக்குப் பகுதி. அதன் பிராக்கெட் போல்ட்டுகளை லூஸாக்கி, 3 மி.மீ. இடது பக்கம் நகர்த்தி, மறுபடி இறுக்கினால் போதும்.

பத்து நிமிட வேலை. வலது ஓரத்தை முதலிலேயே சீவியிருந்தால், மூக்கைச் சரிசெய்யும் நாளில் புது பானெட்டுக்கு ஆர்டர் போட வேண்டி வந்திருக்கும்.