ஓசையில்லாத உயிர்: மீட்ட முயலுக்கு வீட்டில் ஓர் இடம்

நிலவுக்குச் சசாங்கன் என்றொரு பெயர் உண்டு. முயலை அடையாளமாகக் கொண்டவன் என்பது அதன் பொருள். நிலவின் களங்கத்தில் முயலின் உருவைக் காணும் மரபு இந்நாட்டில் மிகத் தொன்மையானது. பசித்து வந்த விருந்தினருக்குத் தன் உடலையே உணவாகத் தர முன்வந்த முயலைப் பௌத்த ஜாதகக் கதை போற்றுகிறது. சிங்கத்தைக் கிணற்றுக்குள் பாயச் செய்த அறிவாளியாகப் பஞ்சதந்திரம் அதனைக் காட்டுகிறது.

கதைகளில் இத்தனை பெருமை பெற்ற உயிர், இன்றைய நகரங்களில் படும் பாடு வேறு. மும்பையின் கிராஃபோர்டு சந்தை, கொல்கத்தாவின் காலிஃப் தெரு போன்ற இடங்களிலும், நாடெங்கும் உள்ள செல்லப்பிராணிக் கடைகளிலும் முயல் குட்டிகள் எளிதாகக் கிடைக்கின்றன. பிள்ளையின் பிறந்தநாள் பரிசாக ஒரு குட்டி வீட்டுக்கு வருகிறது. நான்கைந்து திங்களில் அது வளர்ந்து, மின்கம்பியைக் கடிக்கிறது, மூலைகளை நனைக்கிறது, தூக்க வந்தவரை உதைக்கிறது. பிறகு மொட்டைமாடிக் கூண்டுக்கு இடம் மாறுகிறது. அல்லது, "புல் இருக்கிறது, பிழைத்துக்கொள்ளும்" என்ற நம்பிக்கையில் ஏதேனும் பூங்காவில் விடப்படுகிறது.

அந்த நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. வளர்ப்பு முயலுக்கு நாய், பூனை, காகம், பருந்து ஆகியவற்றிடமிருந்து தப்பும் பயிற்சியும் இல்லை. ஒளிந்துகொள்ள வளையும் இல்லை. பட்டினியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமுமாகும். அப்படிக் கைவிடப்பட்ட முயலைக் கண்டெடுத்து, வீட்டில் வைத்துக் காக்க முன்வருவோருக்குப் பயன்படும் செய்திகளை இங்கே காண்போம்.

கண்டெடுத்தது எந்த முயல்?

முயல் என்ற ஒரே சொல்லால் நாம் இரு வேறு விலங்குகளைக் குறிக்கிறோம். வயல்வெளிகளிலும் புதர்களிலும் வாழ்வது இந்தியக் காட்டுமுயல். நீண்ட கால்களும் பழுப்பு நிறமும் கொண்ட இந்த விலங்கு, 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுவது. இதனை வீட்டில் வளர்க்கக் கூடாது. காட்டுமுயலின் குட்டி பிறக்கும்போதே உடல் முழுதும் முடியுடனும் திறந்த கண்களுடனும் இருக்கும். தாய் நாளின் பெரும்பகுதி குட்டியைத் தனியே விட்டுவிட்டு, பாலூட்டும் வேளையில் மட்டும் வந்து செல்லும். ஆகவே வயலோரம் தனித்திருக்கும் குட்டி அநாதை என்று எண்ணி எடுத்து வருதல் தவறு. அது காயமுற்றிருந்தால் வனத்துறைக்குத் தெரிவிப்பதே முறை.

கடைகளில் விற்கப்படுவது குழிமுயல். ஐரோப்பாவின் ஐபீரியத் தீபகற்பத்தைத் தாயகமாகக் கொண்டது. அதன் குட்டிகள் முடியின்றி, கண் மூடிய நிலையில் பிறக்கும். வெள்ளை, கறுப்புத் திட்டு, சாம்பல் எனப் பல நிறங்களில் இருப்பதும், மனிதரைக் கண்டு ஓடாமல் நிற்பதும் இதன் அடையாளங்கள். இக்கட்டுரையில் கூறப்படுவன யாவும் இந்தக் குழிமுயலைப் பற்றியனவே.

முதல் நாள்

முயலைக் காதைப் பிடித்துத் தூக்கும் வழக்கம் சந்தைகளில் இன்றும் உண்டு. இது கொடுமையானது. ஒரு கையை மார்பின் கீழும், மறு கையைப் பின்புறத்தின் கீழும் கொடுத்து, உடலோடு அணைத்தே தூக்க வேண்டும். முயலின் எலும்புகள் மெலிந்தவை; பின்னங்கால்களின் தசையோ மிகுந்த வலிமையுடையது. தொங்கிய நிலையில் திமிறி உதைத்தால், தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளக்கூடும்.

அமைதியான அறையில், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி, கிண்ணத்தில் நீர், கைநிறைய உலர்புல் ஆகியவற்றை வைத்து முதல் சில மணி நேரம் அதனைத் தனியே விட வேண்டும். அழுக்காக இருக்கிறதே என்று குளிப்பாட்டக் கூடாது. நீரில் நனைவது முயலுக்குப் பேரச்சம் தருவது. உடல்வெப்பத்தையும் ஆபத்தான அளவுக்குக் குறைப்பது.

அடுத்து கால்நடை மருத்துவரைக் காண வேண்டும். மீட்கப்படும் முயல்களில் சொறிநோய் மிகுதி. காதோரத்திலும் மூக்கிலும் பொருக்குத் தட்டியிருப்பது அதன் அறிகுறி. கம்பித் தரைக் கூண்டில் நெடுநாள் இருந்தவற்றுக்குப் பின்பாதங்களில் முடி உதிர்ந்து புண் காணப்படும். இவை இரண்டும் மருத்துவத்தால் தீர்வன. ஆனால் நாய்க்கு வாங்கிய மருந்தை முயலுக்குப் பயன்படுத்துவது உயிருக்கே உலை வைக்கும். உண்ணி ஒழிக்க நாய்களுக்கு இடப்படும் ஃபிப்ரோனில் முயலுக்கு நஞ்சு. வாய்வழியே தரப்படும் அமாக்சிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகள், முயலின் குடலில் வாழும் நன்மைதரும் நுண்ணுயிர்களை அழித்து மரணத்தில் கொண்டு விடக்கூடும். எனவே முயல்களுக்கு மருத்துவம் பார்த்துப் பழகிய மருத்துவரைத் தேடிக் கண்டுகொள்வது முதல் வாரத்தின் முதற்பணி. மும்பை பரேலிலும் சென்னை வேப்பேரியிலும் இருப்பவை போன்ற கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ள நகரங்களில், அங்கு விசாரித்தால் வழி கிடைக்கும்.

கேரட் அன்று, புல்

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்கள். முயலின் உணவு கேரட் என்ற எண்ணமும் அத்தகைய பிடிவாதத்தோடு நம்மிடையே நிலைத்துவிட்டது. கேரட்டில் சர்க்கரை மிகுதி. வாரத்தில் ஓரிரு சிறு துண்டுகளே போதும். முயலின் உணவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் உலர்ந்த புல்லாக இருக்க வேண்டும்.

இதற்குக் காரணங்கள் இரண்டு. முயலின் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. முன்பற்கள் வாரத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வளரும். நார் மிகுந்த புல்லை ஓயாது அரைப்பதால்தான் அவை தேய்ந்து அளவோடு நிற்கின்றன. இரண்டாவது, முயலின் குடல் இடைவிடாது இயங்க வேண்டிய ஒன்று. அந்த இயக்கத்துக்கு நார்ச்சத்தே உந்துவிசை. முயலால் வாந்தியெடுக்க இயலாது. உண்டது ஒவ்வாதபோது வெளித்தள்ள வேறு வழியில்லை.

இறக்குமதியாகும் திமோத்திப் புல் விலைமிக்கது. மருந்து தெளிக்கப்படாத இடத்தில் அறுத்து நன்கு உலர்த்திய அறுகம்புல்லும், ஓட்ஸ் பயிரைப் பச்சையாக அறுத்து உலர்த்திய தீவனமும் நம் நாட்டில் கிடைக்கும் நல்ல மாற்றுகள். நெல் வைக்கோல் படுக்கைக்கு ஆகும். சத்து குறைந்தது ஆகையால் உணவுக்கு ஆகாது. குதிரைமசாலில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. வளரும் குட்டிகளுக்கு ஏற்றது, வளர்ந்தவற்றுக்கு வேண்டா.

இதனோடு நாள்தோறும் இரண்டு கைப்பிடி கொத்தமல்லி, புதினா, வெந்தயக்கீரை, முள்ளங்கி இலை போன்றவற்றைக் கழுவித் தரலாம். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, சோறு, ரொட்டி, பிஸ்கட், சாக்லேட் ஆகியவை அறவே கூடாதவை. வீட்டு அழகுக்கு வைக்கும் மணிபிளாண்ட் கொடியும் தோட்டத்து அரளியும் நச்சுத் தாவரங்கள். அவை எட்டாத இடத்தில் இருக்கட்டும். இதுவரை ரொட்டியும் கேரட்டும் தின்று வந்த முயலை ஒரே நாளில் மாற்றாமல், பத்துப் பதினைந்து நாள்களில் படிப்படியாகப் புல்லுக்குப் பழக்குதல் நன்று.

முயல் தன் கழிவையே உண்பதைக் கண்டு சிலர் திடுக்கிடுவர். முயல் இருவகைக் கழிவுகளை இடும். உலர்ந்த உருண்டைகள் கழிவே. திராட்சைக் கொத்துப் போன்ற மென்மையான மற்றொன்று, குடலில் நுண்ணுயிர்கள் ஆக்கித் தந்த உயிர்ச்சத்துகள் அடங்கியது. முயல் அதனை மீண்டும் உண்டே ஆக வேண்டும். இது நோயன்று.

வீடும் வெயிலும்

நம் நாட்டில் குழிமுயல் வளர்ப்பைப் பற்றிய ஆய்வுகள் நடைபெறும் இடங்களைக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். ராஜஸ்தானின் ஆவிகாநகரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய செம்மறி மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனம், தன் முயல் ஆய்வுகளை இமாச்சலப் பிரதேசத்தின் குலு மாவட்டத்திலுள்ள கார்சாவிலும், கொடைக்கானலை அடுத்த மன்னவனூரிலும் நடத்தி வருகிறது. இரண்டும் குளிர்ந்த மலைப்பகுதிகள். முயலின் உடலுக்கு இதமான வெப்பநிலை 15 முதல் 21 டிகிரி செல்சியஸ். 30 டிகிரியைத் தாண்டும்போது வெப்பத்தாக்கு ஏற்படும் வாய்ப்பு உயர்கிறது. நம் சமவெளி நகரங்களின் கோடை 40 டிகிரியைத் தொடுவது. மொட்டைமாடிக் கூண்டு ஏன் கூடாது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

முயலால் மனிதரைப்போல வியர்க்க இயலாது. அதன் நீண்ட காதுகளில் ஓடும் இரத்த நாளங்களே வெப்பத்தை வெளியேற்றும் வழி. கோடையில் வீட்டின் குளிர்ச்சியான அறையே அதற்குரிய இடம். உறைய வைத்த நீர்ப்புட்டியைத் துணியில் சுற்றி அருகில் வைத்தால் முயல் தானே அதில் சாய்ந்துகொள்ளும். ஈரக்கையால் காதுகளைத் தடவிக் கொடுக்கலாம். வாய் திறந்து மூச்சுவிடுதல், எச்சில் ஒழுகுதல், தளர்ந்து கிடத்தல் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். அப்போது குளிர்ந்த அறைக்கு மாற்றி, காதுகளை ஈரத்துணியால் துடைத்தவாறே மருத்துவரிடம் விரைய வேண்டும். பனிநீரில் அமிழ்த்தக் கூடாது.

வீட்டுக்குள் வளர்க்க அரண்மனை தேவையில்லை. மூன்று தாவல் தாவவும், நிமிர்ந்து நின்றால் காது இடிக்காமலும் இருக்கத்தக்க அடைப்பு ஒன்றும், நாளில் சில மணி நேரம் ஓடித் திரிய ஓர் அறையும் போதும். முயல் ஒரே மூலையில் கழிவிடும் இயல்புடையது. அந்த மூலையில் காகிதத்தூள் பரப்பிய தட்டை வைத்து, அதன் ஓரத்தில் புல்லையும் வைத்தால், சில வாரங்களில் பழகிக்கொள்ளும். மின்கம்பிகளைக் குழாய் உறைக்குள் மறைத்துவிடுதல் கட்டாயம். தீபாவளி நாள்களில் சாளரங்களை அடைத்து, உள்ளறையில் வைத்துக் காப்பது நலம். பேரொலியின் அதிர்ச்சியே முயலின் உயிரைப் பறிக்கக்கூடும்.

மௌனத்தின் மொழி

நாய் குரைக்கும், பூனை கத்தும், முயல் பெரும்பாலும் ஓசை எழுப்புவதில்லை. பிற விலங்குகளுக்கு இரையாகும் உயிர் என்பதால், நோயை வெளிக்காட்டாமல் மறைப்பது அதன் பிறவி இயல்பு. வளர்ப்பவர் தம் கண்களையே நம்ப வேண்டியிருப்பது இதனால்தான்.

மகிழ்ச்சியில் அது வானில் துள்ளி உடலை முறுக்கிக் குதிக்கும். பாதுகாப்பாக உணர்ந்தால் பொத்தென்று ஒருக்களித்துச் சாயும். புதிதாகப் பார்ப்பவர் பதறிப்போவர். அச்சத்தில் பின்னங்காலால் தரையை ஓங்கித் தட்டும். வருடிக் கொடுக்கும்போது பற்களை மெல்ல உரசினால் இன்பம். கூனிக் குறுகி அமர்ந்து உரக்க நறநறத்தால் வலி.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, காலையில் புல்தட்டையும் கழிவுத்தட்டையும் பார்ப்பது. உருண்டைகள் சிறுத்தாலோ, எண்ணிக்கையில் குறைந்தாலோ ஏதோ ஒரு கோளாறு தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். 12 மணி நேரம் ஒன்றும் உண்ணாத முயல், குடலியக்கம் நின்றுபோகும் நிலைக்கு வந்திருக்கக்கூடும். "நாளை பார்ப்போம்" என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. மீட்கப்பட்ட முயல்களுள் பல, கவனிப்பாரின்றி இழக்கப்படுவது இந்த ஒரு நாள் தாமதத்தால்தான்.

கருத்தடையும் துணையும்

முயலின் சூல்காலம் ஏறத்தாழ 31 நாள். ஈன்ற ஓரிரு நாளிலேயே மீண்டும் கருவுறவும் கூடும். மீட்ட இரண்டு முயல்களை ஆணா பெண்ணா என்றறியாமல் ஒன்றாக விட்டவர், சில திங்களில் ஒரு பண்ணைக்கே உரிமையாளராகிவிடுவார். கருத்தடை அறுவைச் சிகிச்சை இதனைத் தடுப்பதோடு, பெண்முயலுக்கு வயது ஏறும்போது பரவலாகக் காணப்படும் கருப்பைப் புற்றுநோயிலிருந்தும் காக்கிறது. மூர்க்கமும் தணியும். முயல் கூடி வாழும் இயல்புடையது ஆதலால், கருத்தடைக்குப் பின் பொறுமையாகப் பழக்கிச் சேர்த்து வைத்த துணை, அதன் வாழ்வை நிறைவாக்கும்.

பத்தாண்டுக் கணக்கு

நன்கு பேணப்படும் முயல் 8 முதல் 12 ஆண்டுகள் வரை வாழும். பள்ளியில் சேரும் வயதில் பிள்ளை கொண்டுவந்த முயல், அப்பிள்ளை கல்லூரிக்குச் செல்லும் வேளையிலும் வீட்டில் இருக்கக்கூடும். எனவே வைத்துக்கொள்ளத் தீர்மானிக்கும் முன் குடும்பத்தார் ஒன்றாக அமர்ந்து கணக்கிடுவது நல்லது. புல், கீரை முதலிய மாதச் செலவு சிறியதே. முதலாண்டின் மருத்துவமும் கருத்தடையும் ஒருமுறைச் செலவுகள். நள்ளிரவில் நேரும் அவசர மருத்துவம்தான் பலரைத் திகைக்க வைப்பது. அதற்கெனச் சிறு தொகையைத் தொடர்வைப்பாகச் சேர்த்து வருவது, பணமில்லை என்ற காரணத்தால் சிகிச்சை தள்ளிப்போவதைத் தவிர்க்கும். ஊருக்குச் செல்லும் நாள்களில் பார்த்துக்கொள்ள, இவற்றையெல்லாம் அறிந்த ஒருவரை முன்கூட்டியே பழக்கி வைத்தலும் இக்கணக்கில் சேர்ந்ததே.

இந்தப் பொறுப்பை ஏற்க இயலாதவர்களும் உதவலாம். வேறு வீடு கிடைக்கும் வரை சில வாரங்கள் இடம் தரலாம். அருகிலுள்ள விலங்குநல அமைப்பிடம் ஒப்படைக்கலாம். உயிர்களிடத்துப் பரிவு காட்டுதலை நம் அரசமைப்பின் 51-அ பிரிவு குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாக வைத்துள்ளது. செல்லப்பிராணிக் கடைகள் மாநில விலங்குநல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 2018-ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. அவ்விதிகளின் செல்லப்பிராணிப் பட்டியலில் முயலும் இடம்பெற்றுள்ளது. பிள்ளைகள் அடுத்த முறை முயல் வேண்டும் என்று கேட்கும்போது, கடைக்குப் போகும் முன் நகரின் விலங்குநல அமைப்பு ஒன்றில் விசாரித்துப் பாருங்கள். வீடு தேடும் முயல் ஒன்று பெரும்பாலும் அங்கே காத்திருக்கும்.