காலிக் கோட்டையில் தங்கப் போகிறீர்களா?

இலங்கையின் துறைமுக நகரான காலியில், கோட்டைக்குள் இருக்கும் தங்குவிடுதிகளில் பல ஒரு காலத்தில் குடும்பங்கள் வாழ்ந்த வீடுகள். 1640-இல் போர்த்துக்கீசரிடமிருந்து காலியைப் பிடித்த ஒல்லாந்தர் வகுத்த தெருக்களில் அவை நிற்கின்றன. பவளக்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த கனத்த சுவர், தெருப்பக்கம் தூண் வைத்த விறாந்தை, நடுவில் திறந்த முற்றம். கடற்காற்று வந்துபோக இதுவே போதும். முற்றத்தைக் கண்ணாடியால் மூடி ஏ.சி. போடுவது வீண் வேலையாகவே எனக்குப் படுகிறது.

1988-இல் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 2000-க்குப் பின் பல வீடுகள் வெளிநாட்டார் கைக்குப் போயின. விற்றவர்களில் நம் முஸ்லிம் குடும்பங்களும் உண்டு. நல்ல விலை கிடைத்தால் யாரைக் குறை சொல்வது? ஆனால் வீட்டில் ஆள் இல்லாமல் போனால், கலங்கரை விளக்கத்தருகே உள்ள மீரான் ஜும்ஆ பள்ளியின் சுபுஹு ஜமாஅத்துக்கு யார் வருவார்?

சில குடும்பங்கள் விற்காமல், சில அறைகளை விருந்தினருக்கு விட்டுவிட்டு அதே வீட்டில் வசிக்கின்றன. அத்தகைய வீட்டைக் கேட்டுப் பிடியுங்கள். நீங்கள் தரும் வாடகை அவர்களைக் கோட்டைக்குள்ளேயே இருக்க வைக்கும். காலைச் சாப்பாடு ஹலாலா என்று விசாரிக்க வேண்டியிராது; பள்ளிக்கும் அவர்களே வழி சொல்வார்கள். பள்ளியின் முகப்பு தேவாலயம் போலத் தெரியும், இடம் மாறி வந்துவிட்டோமோ என்று திரும்பிவிடாதீர்கள்.