நீக்கப்படுவதற்கென்றே இணைக்கப்படும் குளுக்கோஸ்

புரதத்தின் அமினோ அமில வரிசையை மரபணு வகுக்கிறது. அதன்மீது அமையும் சர்க்கரைக் கிளைகளுக்கோ அத்தகைய வார்ப்பு இல்லை. நொதிகளின் செயல்வரிசையே அவற்றின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. எண்டோபிளாச வலைப்பின்னலின் சவ்வில், டோலிக்கால் என்னும் கொழுப்பின்மீது 14 சர்க்கரைகள் (என்-அசிட்டைல்குளுக்கோசமைன் 2, மேனோஸ் 9, குளுக்கோஸ் 3) ஒவ்வொன்றாகக் கோக்கப்படுகின்றன. பின்னர் அத்தொகுதி முழுவதும் ஒரே வினையில் புரதத்தின் அஸ்பராஜினுக்கு மாற்றப்படுகிறது. மாற்றிய உடனேயே குளுக்கோஸ்களை வெட்டுவது வீண்செலவாகத் தோன்றலாம். இவற்றைத் தர முத்திரைகளாகக் கொள்வதே பொருந்தும். ஒரு குளுக்கோஸ் எஞ்சிய நிலையில் கால்நெக்சின் அப்புரதத்தைப் பற்றி, அது சரியாக மடியத் துணைபுரிகிறது. அதுவும் நீங்கிய பின் மடிப்பில் பிழை இருப்பின், வேறொரு நொதி மீண்டும் ஒரு குளுக்கோஸைச் சேர்த்துப் புரதத்தைக் கால்நெக்சினிடமே திருப்புகிறது. பன்முறை முயன்றும் மடியாதவற்றின் மேனோஸ்கள் வெட்டப்பட்டு, அவை சிதைவுக்கென வெளியேற்றப்படுகின்றன.