இணையச் சேவை நிறுத்தப்படுகிறதா? மாறுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

இன்று எமது கிராமங்களில் இணையம் வெறும் பொழுதுபோக்குச் சாதனமாக இல்லை. வெளிநாட்டில் வேலை செய்யும் மகளின் முகத்தைத் தாய் பார்ப்பதும், க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் மாணவன் பாடம் கேட்பதும், தம்புள்ளைச் சந்தையில் மரக்கறி என்ன விலை போகிறது என்று விவசாயி விசாரிப்பதும் வீட்டு மூலையில் இருக்கும் ஒரு சிறு பெட்டியின் ஊடாகவே நடைபெறுகின்றன. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொவிட் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, சமிக்ஞை தேடி மரத்திலும் மலையிலும் ஏறிய பிள்ளைகளை நாம் மறந்துவிடவில்லை.

அந்தச் சிறு பெட்டிக்கு வரும் சேவை ஒருநாள் நிறுத்தப்படலாம். "இச்சேவை இன்ன திகதியுடன் முடிவடைகிறது" என்று ஒரு கடிதமோ குறுஞ்செய்தியோ வரும். பலர் அதை மேசை இலாச்சிக்குள் வைத்துவிட்டு, பெட்டியின் விளக்குகள் அணைந்த பின்னரே ஓடித் திரிகின்றனர். அவ்வாறு காத்திருப்பதால் ஏற்படும் இழப்பு பெரிது. மாறும் வேலைகளில் அநேகமானவை பழைய இணைப்பு இயங்கிக்கொண்டிருக்கும்போதே செய்து முடிக்கப்பட வேண்டியவை. அவை எவை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சேவைகள் ஏன் நிறுத்தப்படுகின்றன?

இதற்குப் பிரதானமாக இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, ஒரு நிறுவனம் இன்னொன்றுடன் இணைவது. எமது நாட்டில் இது புதிதல்ல. 1989 இல் செல்டெல் என்ற பெயரில் தொடங்கிய கைத்தொலைபேசி நிறுவனம் பின்னர் டிகோ ஆகியது, அதன்பின் எடிசலாட் ஆகியது, 2018 இல் ஹட்ச் நிறுவனத்துடன் இணைந்தது. 1996 இல் சேவையை ஆரம்பித்த சன்டெல் நிறுவனம் 2012 இல் டயலொக் வசமானது. எயார்டெல் லங்காவும் 2024 இல் டயலொக்குடன் இணைந்தது. இவ்வாறான இணைப்புகளில் பெரும்பாலும் வாடிக்கையாளர் தாமாகவே புதிய நிறுவனத்தின்கீழ் வந்துவிடுவர். எனினும் பொதிகள், கட்டணம், சிம் அட்டை என்பன மாறக்கூடும்.

இரண்டாவது, தொழில்நுட்பம் பழையதாகிப் போவது. 2000களின் நடுப்பகுதியில் கம்பி எட்டாத கிராமங்களுக்கு சி.டி.எம்.ஏ. மேசைத் தொலைபேசிகள் வந்தன. அதன் இடத்தைப் பின்னர் எல்.ரி.ஈ. எனப்படும் நான்காம் தலைமுறைச் சேவை பிடித்துக்கொண்டது. செப்புக் கம்பி வழியே வரும் ஏ.டி.எஸ்.எல். இணைப்புகளின் இடத்தை ஒளியிழை, அதாவது பைபர், பிடித்து வருகிறது. செப்புக் கம்பி துருப்பிடிக்கும், மழையில் பழுதாகும், களவும் போகும். அதைப் பராமரிக்கும் செலவு கூடிக்கொண்டே போக, பாவனையாளர் தொகை குறைந்துகொண்டே வரும். அமெரிக்காவில் ஏ.ஓ.எல். நிறுவனம் தொலைபேசி அழைப்பு வழியே வழங்கிவந்த இணையச் சேவையை 2025 செப்டெம்பர் 30 ஆம் திகதி முற்றாக நிறுத்தியது. செல்வந்த நாடுகளிலும் கடைசி வரை அப்பழைய சேவையில் தங்கியிருந்தோரில் வேறு வழியற்ற கிராமத்தவரும் முதியவரும் இருந்தனர் என்பது கவனத்திற்குரியது.

அறிவித்தலைச் சரியாக வாசித்தல்

அறிவித்தல் கிடைத்தவுடன் அது உண்மையானதா என்று பார்க்க வேண்டும். "உங்கள் இணைப்பு இன்றே துண்டிக்கப்படும், உங்கள் தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தைச் சொல்லுங்கள்" என்று பேசி வங்கிப் பணத்தைக் களவாடுவோர் உள்ளனர். எந்த நிறுவனமும் அந்த இலக்கத்தைக் கேட்பதில்லை. மாதாந்தப் பட்டியலில் அச்சிடப்பட்டிருக்கும் தொலைபேசி இலக்கத்திற்கு நாமே அழைத்து, அல்லது கிளைக்கு நேரில் சென்று, உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது.

உண்மையானதாயின் மூன்று விடயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தத் திகதியுடன் நிறுத்தப்படுகிறது? இணையம் மட்டுமா, தொலைபேசி இலக்கமும் சேர்ந்தா? அதற்குப் பதிலாக நிறுவனம் எதைத் தருகிறது, அதற்கு எவ்வளவு கட்டணம்? அறிவித்தல் விளங்காத மொழியில் வந்திருந்தால், விளங்கும் ஒருவரிடம் முழுமையாக வாசிப்பித்துக் கேட்க வேண்டும். பாதி விளங்கிக் கையொப்பமிடுவது ஆபத்தானது.

பழைய இணைப்போடு கட்டுண்டவை

இணைப்பு போனால் இணையம் மட்டுமே போகும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அதனோடு வேறு பலவும் கட்டப்பட்டுள்ளன.

பழைய நிறுவனத்தின் பெயரில் தரப்பட்ட மின்னஞ்சல் முகவரியைப் பயன்படுத்துவோர், எந்த நிறுவனத்தையும் சாராத ஒரு புதிய முகவரியை இப்போதே திறக்க வேண்டும். பழைய பெட்டியிலுள்ள முக்கிய கடிதங்களை அதற்கு அனுப்பி, வங்கி, பாடசாலை, வெளிநாட்டு உறவினர் ஆகியோருக்குப் புதிய முகவரியை அறிவிக்க வேண்டும். பழைய முகவரி மூடப்பட்டபின், அதற்கு வரும் கடவுச்சொல் மீட்புச் செய்தியைப் பெற எவராலும் முடியாது.

தொலைபேசி இலக்கமும் அப்படியே. வங்கி அனுப்பும் இரகசிய இலக்கமும் வட்ஸ்அப் கணக்கும் ஒரு சிம் அட்டையில் தங்கியுள்ளன. அந்த இலக்கம் நின்றுபோகுமாயின், அது இயங்கும் காலத்திலேயே வங்கிக்குச் சென்று புதிய இலக்கத்தைப் பதிய வேண்டும். வட்ஸ்அப்பில் இலக்கத்தை மாற்றும் வசதி உண்டு. அதனை முறைப்படி செய்தால் பழைய குழுக்களும் தொடர்புகளும் கைவிட்டுப் போகா.

இணைப்பு யார் பெயரில் உள்ளது என்பதையும் பாருங்கள். எமது வீடுகளில் அது வெளிநாடு சென்ற கணவரின் பெயரிலோ காலஞ்சென்ற தகப்பனாரின் பெயரிலோ இருப்பது வழமை. வைப்புப்பணத்தை மீளப் பெறவும் கணக்கை மூடவும் பெயருக்குரியவரின் தேசிய அடையாள அட்டையைக் கேட்பார்கள். அவர் இல்லாவிடின் எந்தப் பத்திரங்கள் வேண்டும் என்று முன்கூட்டியே கிளையில் விசாரித்தால் அலைச்சல் குறையும்.

புதிய இணைப்புக்குரிய வழிகள்

விலையை மட்டும் பார்த்தோ விளம்பரத்தை நம்பியோ தெரிவு செய்தல் கூடாது. உங்கள் வீட்டுக் கூரைக்கு எது உண்மையில் வந்து சேர்கிறது என்பதே முதற் கேள்வியாகும்.

ஒளியிழை கிடைக்குமானால் அதுவே சிறந்தது. செப்புக் கம்பியில், தொலைபேசி நிலையத்திலிருந்து தூரம் கூடக்கூட வேகம் குறையும். நான்கைந்து கிலோமீற்றருக்கு அப்பால் அது பெரும்பாலும் பயன்தராது. ஒளியிழையில் கிராமத் தூரங்களுக்கு அக்குறை இல்லை, மின்னலின் பாதிப்பும் குறைவு. ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. பழைய கம்பித் தொலைபேசி நிலையத்திலிருந்து வரும் மின்சாரத்திலேயே இயங்கியது. வீட்டில் மின்சாரம் இல்லாவிட்டாலும் அது பேசும். ஒளியிழை கண்ணாடி நார் என்பதால் அதன் வழியே மின்சாரம் வராது. மின்துண்டிப்பு ஏற்பட்டால் வீட்டுப் பெட்டியும் நின்றுவிடும். 2022 இன் நீண்ட மின்வெட்டுகளையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றுப்போன ஊர்களையும் எண்ணிப் பார்ப்போர், பெட்டிக்கென ஒரு சிறு மின்கலத்தையும் சேர்த்து வாங்குவர்.

ஒளியிழை எட்டாத இடங்களுக்கு எல்.ரி.ஈ. றவுட்டர் உகந்தது. அது கோபுரத்திலிருந்து வரும் அலையில் இயங்குகிறது. இடையே மலை, அடர்ந்த மரங்கள், கொங்கிறீற் சுவர், தகரக் கூரை என்பன இருந்தால் அலை பலவீனமாகும். வெளியே கம்பத்தில் கோபுரத்தை நோக்கிப் பூட்டும் அன்ரனா பல வீடுகளில் நல்ல பலனைத் தருகிறது.

செய்மதி வழி இணையம் மூன்றாவது வழி. ஸ்டார்லிங் சேவை 2025 ஜூலையில் இலங்கையில் ஆரம்பிக்கப்பட்டது. கோபுரம் இல்லாத இடத்திலும் அது கிடைக்கும். ஆனால் திறந்த வானம் வேண்டும். தென்னந்தோப்பின் நடுவே தடைப்படும். உபகரணத்தின் விலையும் மாதக் கட்டணமும் சாதாரண குடும்பத்துக்குச் சுமையானவை. பல வீடுகள் சேர்ந்து பங்குபோடும் எண்ணம் இருந்தால், அதற்கு நிபந்தனைகள் இடமளிக்கின்றனவா என்பதை முதலில் வாசிக்க வேண்டும்.

வாங்குமுன் சோதித்தல்

எல்.ரி.ஈ. எடுக்க நினைப்போர், வெவ்வேறு நிறுவனங்களின் சிம் அட்டை வைத்திருக்கும் அயலவர்களை வீட்டுக்கு அழைத்து, றவுட்டர் வைக்கப்போகும் இடத்திலிருந்தே வட்ஸ்அப் காணொளி அழைப்பொன்றைப் பத்து நிமிடம் எடுத்துப் பார்க்கட்டும். காலையில் ஒருமுறையும், எல்லோரும் பாவிக்கும் இரவு 7 மணிக்கும் 9 மணிக்கும் இடையில் ஒருமுறையும், மழை நாளில் ஒருமுறையும் பார்ப்பது நன்று. அனேக கைத்தொலைபேசிகளில் 'சிம் நிலை' என்ற பகுதியில் சமிக்ஞையின் அளவு எண்ணாகக் காட்டப்படும். அது மறை எண்ணாக இருக்கும். −80 க்கும் −95 க்கும் இடையில் இருந்தால் திருப்தி. −110 ஐத் தாண்டினால் அந்த நிறுவனத்தை நம்ப முடியாது.

அடுத்து, எவ்வளவு தேவை என்பதைக் கணக்கிடுங்கள். சாதாரண தரத்தில் ஒரு மணி நேரம் காணொளி பார்க்கச் சுமார் அரை ஜிகாபைற் செலவாகும். ஒரு பிள்ளை நாளுக்கு இரண்டு மணி நேரம் பாடம் பார்த்தால் மாதத்திற்கு ஏறக்குறைய 30 ஜிகாபைற் வேண்டும். சில பொதிகளில் அறிவிக்கப்படும் பெரிய எண்ணிக்கையில் பாதி, நள்ளிரவுக்குப் பின் மட்டும் பாவிக்கக்கூடியது. படிக்கும் பிள்ளைக்கு அதனால் பயனில்லை. பகல் அளவு எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள்.

பணமும் பத்திரமும்

கையொப்பமிடுமுன் இணைப்புக் கட்டணம், வைப்புப்பணம், வரிகளுடன் சேர்ந்த மாதக் கட்டணம், இடையில் விலகினால் செலுத்த வேண்டிய தொகை ஆகிய நான்கையும் எழுத்தில் பெறுங்கள். பழைய ஏ.டி.எஸ்.எல். பெட்டி ஒளியிழைக்குப் பொருந்தாது. ஒரு நிறுவனம் விற்ற எல்.ரி.ஈ. றவுட்டர் இன்னொரு நிறுவனத்தின் சிம் அட்டையை ஏற்காமல் பூட்டப்பட்டிருக்கலாம். ஆகவே பழைய பெட்டியை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். பாவித்த றவுட்டரைக் கடையில் வாங்குவோர் தமது சிம் அட்டையைப் போட்டுப் பார்த்தே பணம் கொடுக்க வேண்டும்.

புதிய இணைப்பு வந்தபின் இரண்டு வாரங்களாவது இரண்டையும் வைத்திருக்க முடியுமானால் நல்லது. பின்னர் பழையதை எழுத்து மூலம் நிறுத்தச் சொல்லி, இறுதிப் பட்டியலைச் செலுத்தி, அவர்களுடைய பெட்டியைத் திருப்பிக் கொடுத்து, எல்லாவற்றிற்கும் பற்றுச்சீட்டுப் பெறுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமையால், மூடிய இணைப்புக்கு மாதக்கணக்கில் பட்டியல் வந்துகொண்டிருக்கும் நிலை ஏற்படுவதுண்டு.

வேறு வழியில்லாத ஊர்கள்

இதுவரை கூறியவை தெரிவு உள்ளவர்களுக்கானவை. ஒரேயொரு கோபுரத்தை நம்பியிருக்கும் தோட்டக் குடியிருப்புக்கும், கம்பியின் கடைசி முனையில் உள்ள மீனவக் கிராமத்துக்கும் 'மாறுங்கள்' என்ற அறிவுரை பொருந்தாது. அங்கே ஒரு சேவை நிற்குமாயின் ஊரே துண்டிக்கப்படும். தனி ஒருவரின் முறைப்பாடு அங்கே எடுபடாது.

ஒரு வீட்டுக்காக எந்த நிறுவனமும் ஒளியிழையை இழுத்து வராது. ஒரே வீதியில் இருபது வீடுகள் சேர்ந்து கேட்டால் அது வேறு கதை. கிராம அபிவிருத்திச் சங்கமோ, மாதர் சங்கமோ, பங்குச் சபையோ முன்வந்து ஒரு பட்டியல் தயாரிக்கலாம். எத்தனை வீடுகள், எத்தனை பாடசாலைப் பிள்ளைகள், எந்த வீடுகளில் நோயாளிகளும் தனித்து வாழும் முதியோரும் உள்ளனர், எந்த இடத்தில் சமிக்ஞை எவ்வளவு என்பன அதில் இருக்கட்டும். அனைவரின் கையொப்பத்துடன் அதனைப் பதிவுத் தபாலில் நிறுவனத்துக்கு அனுப்பி, பிரதிகளைப் பிரதேச செயலாளருக்கும் இலங்கை தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் அனுப்புங்கள். 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ், 1996 இன் திருத்தத்தினால் உருவான அந்த ஆணைக்குழுவுக்குப் பாவனையாளரின் நலனைப் பாதுகாக்கும் கடமையும் உண்டு. சேவை நிறுத்தப்படும் நாளுக்கு முன்னர் இக்கடிதம் செல்ல வேண்டும். பின்னர் சென்றால், பாவனையாளரே இல்லாத இடம் என்று அவ்வூர் கணக்கிலிருந்து விடுபட்டுவிடும்.

பிள்ளைகள் தொலைதூரத்தில் இருக்க, தனித்து வாழும் பெற்றோர் ஒவ்வோர் ஊரிலும் உள்ளனர். வந்த அறிவித்தலை வாசிக்க அவர்களுக்குக் கண் தெரியாமல் இருக்கலாம். வங்கியில் புதிய இலக்கத்தைப் பதிய வேண்டும் என்று சொல்ல ஆளில்லாமல் இருக்கலாம். பங்கின் இளைஞர் ஒன்றியத்தினர் இருவர் இருவராகச் சென்று அவ்வீடுகளின் கடிதங்களை வாசித்துக் கொடுத்து, திகதியை நாட்காட்டியில் குறித்துவிட்டு, வங்கிக்கும் கிளைக்கும் துணைக்குப் போவார்களாயின், பெட்டியின் விளக்கு அணையும் நாளில் அந்த வீடுகளுக்கு வரும் அழைப்பு நின்றுபோகாது.