டெட்ராய்ட்: சம்பளமும் சொந்த வீடும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த கால் நூற்றாண்டில், பள்ளிப் படிப்பைத் தாண்டாத ஆலைத் தொழிலாளி ஒருவர் தன் ஒற்றைச் சம்பளத்தைக் கொண்டே சொந்த வீடு, கார், பிள்ளைகளின் மேற்படிப்பு, முதுமையில் ஓய்வூதியம் ஆகிய அனைத்தையும் எதிர்பார்க்கலாம் என்ற நிலை அமெரிக்காவில் உருவாயிற்று. தொழில்மயமாதலின் இயல்பான விளைவாகவே இந்த வளத்தைக் கருதும் வழக்கம் பரவலாக உண்டு. ஆனால், அதற்கு முந்தைய அரை நூற்றாண்டில் அதே ஆலைகள் அதே நாட்டில் முற்றிலும் வேறுவகை வாழ்க்கையையே தந்துவந்தன என்பதை நோக்கினால், இயந்திரங்களால் மட்டும் இது நேரவில்லை என்பது தெளிவாகும். மிஷிகன் மாநிலத்தின் கார் நகரமான டெட்ராய்ட்டின் வரலாறு இந்த மாற்றத்தையும், அது யாருக்கு வாய்த்தது, யாருக்கு வாய்க்கவில்லை என்பதையும் ஒருசேரக் காட்டுகிறது.

1865இல் உள்நாட்டுப் போர் முடிந்தபின் எஃகு, ரயில், எண்ணெய்த் தொழில்கள் பெருகி, நூற்றாண்டு முடிவதற்குள் உலகின் மிகப்பெரிய தொழில் உற்பத்தி நாடாக அமெரிக்கா வளர்ந்தது. ஆயினும், முதலாளியும் தொழிலாளியும் சமநிலையில் நின்று ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள், அதில் அரசு தலையிடக் கூடாது என்பதே அக்கால நீதிமன்றங்களின் கோட்பாடாக இருந்தது. பேக்கரித் தொழிலாளர்களின் வேலை நேரத்தை நாளொன்றுக்கு 10 மணியாக வரையறுத்த நியூயார்க் மாநிலச் சட்டத்தை, இக்கோட்பாட்டின் பெயரிலேயே உச்ச நீதிமன்றம் 1905இல் செல்லாததாக்கியது. 1911இல் நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆயத்த ஆடை ஆலையில் தீப்பிடித்தபோது, வெளியேறும் கதவுகளுள் ஒன்று பூட்டிக் கிடந்த நிலையில், 146 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்த இளம்பெண்கள். அத்தீயைத் தெருவில் நின்று நேரில் கண்ட பிரான்சஸ் பெர்கின்ஸ் என்ற பெண்மணி, 22 ஆண்டுகள் கழித்து நாட்டின் தொழிலாளர் துறை அமைச்சரானார்.

டெட்ராய்ட்டை ஒட்டிய ஹைலண்ட் பார்க் ஆலையில் ஹென்றி ஃபோர்டு 1913இல் அசெம்ப்ளி லைனை நிறுவினார். தொழிலாளி நின்ற இடத்திலேயே நிற்க, நகரும் பட்டையில் வரும் வண்டிச் சட்டத்தில் ஒவ்வொருவரும் ஓர் உறுப்பை மட்டும் பொருத்தும் முறை இது. ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பூட்டி முடிக்க 12 மணி நேரத்துக்கு மேல் பிடித்த வேலை, இதனால் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. ஆனால், ஒரே திருகை நாளெல்லாம் முடுக்கிக்கொண்டிருக்கும் வேலையில் மனிதர்கள் நிலைக்கவில்லை. ஏறக்குறைய 14,000 பேரை ஆலையில் வைத்திருப்பதற்காக அந்த ஓராண்டில் மட்டும் 52,000 பேருக்கு மேல் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. ஃபோர்டு 1914 ஜனவரியில் வேலை நேரத்தை 9 மணியிலிருந்து 8 மணியாகக் குறைத்து, நாள் வருமானத்தை ஏறத்தாழ இரு மடங்காக, அதாவது 5 டாலராக உயர்த்தியதற்கு அவருடைய தயாளத்தைவிட இந்த ஓட்டமே பெரிய காரணம்.

அந்த ஐந்து டாலரிலும் ஏறக்குறைய பாதி, லாபப் பங்கு என்ற பெயரில் நிபந்தனையோடுதான் வந்தது. தொழிலாளி குடிக்கிறாரா, சேமிக்கிறாரா, வீட்டைத் தூய்மையாக வைத்திருக்கிறாரா என்பதை அறிய நிறுவனத்தின் ‘சமூகவியல் துறை’ ஆட்கள் வீடு வீடாகச் சென்று விசாரித்தனர். அவர்கள் நிறைவடையாவிட்டால் அந்தப் பங்கு கிடைக்காது. நிறுவனம் நடத்திய ஆங்கிலப் பள்ளியின் நிறைவு விழாவில், தத்தம் நாட்டு உடையில் மேடையேறிய குடியேறிகள் பெரிய கொப்பரை ஒன்றுக்குள் இறங்கி, அமெரிக்க உடையணிந்து வெளியே வந்தனர். நல்ல சம்பளம் என்பது முதலாளியின் விருப்பத்தைச் சார்ந்த சலுகையாக இருக்கும் வரை அதற்கு விலையும் உண்டு என்பதை இதைவிட வெளிப்படையாகக் காட்ட இயலாது.

முதல் உலகப் போர் ஐரோப்பியக் குடியேற்றத்தைத் தடுத்தது. 1924ஆம் ஆண்டுச் சட்டம் தென், கிழக்கு ஐரோப்பியர் வருகையை ஒதுக்கீடு விதித்துப் பெரிதும் சுருக்கியது. ஆலைகளில் விழுந்த இடைவெளியை, தென்மாநிலப் பருத்திக் காடுகளையும் அங்கு நிலவிய இனக் கொடுமையையும் விட்டு வடக்கே வந்த கருப்பின மக்கள் நிரப்பினர். 1910இல் 6,000 பேரைக்கூட எட்டாதிருந்த டெட்ராய்ட்டின் கருப்பின மக்கள் தொகை, 1930இல் 1,20,000 ஆயிற்று. வேலை கிடைத்தது; குடியிருக்க இடம் கிடைக்கவில்லை. 1925இல் ஓசியன் ஸ்வீட் என்ற கருப்பின மருத்துவர் வெள்ளையர் தெருவில் வீடு வாங்கிக் குடிபோனபோது பெருங்கூட்டம் கூடிக் கல்லெறிந்தது. வீட்டிலிருந்து சுட்டதில் ஒருவர் இறக்க, உள்ளே இருந்த பதினொருவர் மீதும் கொலை வழக்குப் பாய்ந்தது. நேர்மையாக நடந்த விசாரணையின் முடிவில் எவரும் தண்டிக்கப்படவில்லை. அவ்வழக்கை நடத்திய இளம் நீதிபதி ஃபிராங்க் மர்ஃபியின் பெயர் இந்த வரலாற்றில் இன்னும் இருமுறை வரும்.

1929இல் தொடங்கிய பெருமந்தத்தில், 1933ஆம் ஆண்டளவில் நாட்டின் உழைப்பாளர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வேலையிழந்திருந்தனர். 1932 மார்ச்சில் வேலை கேட்டு ஃபோர்டின் ரூஜ் ஆலையை நோக்கி நடந்த ஊர்வலத்தின் மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டு, அவ்விடத்திலேயே நால்வர் பலியாயினர். அடுத்த ஆண்டு பதவியேற்ற அதிபர் ஃபிராங்ளின் ரூஸ்வெல்ட்டின் ஆட்சியில் 1935இல் வந்த வாக்னர் சட்டம், தொழிலாளர்கள் சங்கம் அமைக்கவும், தாம் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் வழியாகக் கூட்டாகச் சம்பளம் பேசவும் சட்டப்படியான உரிமை அளித்தது. அதே ஆண்டில் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதியோர் ஓய்வூதியத்துக்கு வழிவகுத்தது; ஆனால் விவசாயக் கூலிகளும் வீட்டு வேலையாட்களும், அதாவது தெற்கின் கருப்பின உழைப்பாளர்களில் பெரும்பாலோர், அதில் சேர்க்கப்படவில்லை.

சட்டம் ஏட்டில் இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமோ சங்கத்தை உளவு பார்ப்பதற்காக 1934 முதல் 1936 வரை ஏறக்குறைய 10 லட்சம் டாலர் செலவிட்டதாகச் செனட் குழு ஒன்று கண்டறிந்தது. வாக்னர் சட்டத்துக்கு உயிர் வந்தது டெட்ராய்ட்டுக்கு வடக்கேயுள்ள ஃபிளின்ட் நகரில். கார் உடற்பகுதிகளை அழுத்தி உருவாக்கும் அச்சுகளை வேறு ஊர்களுக்குக் கடத்த ஏற்பாடு நடப்பதையறிந்த தொழிலாளர்கள், 1936 டிசம்பர் 30 அன்று ஆலைக்குள்ளேயே அமர்ந்துவிட்டனர். வாசலில் மறியல் செய்தால் கருங்காலிகளை உள்ளே விட்டு உற்பத்தியைத் தொடரலாம். இயந்திரத்தின் அருகிலேயே தொழிலாளி உட்கார்ந்துவிட்டால் அதற்கு வழியில்லை என்பதே உள்ளிருப்பு வேலைநிறுத்தத்தின் வலிமை. பூட்டப்படாத கார் இருக்கைகளே படுக்கையாயின, நாள்தோறும் ஆலை கூட்டித் துடைக்கப்பட்டது, மது விலக்கப்பட்டது, வெளியே சங்கச் சமையலறையிலிருந்து சோறு வந்தது. வெளியேறுமாறு முதல் உத்தரவு பிறப்பித்த நீதிபதியிடம் அந்நிறுவனத்தின் 2 லட்சம் டாலருக்கு மேற்பட்ட பங்குகள் இருந்தது அம்பலமாக, உத்தரவு மதிப்பிழந்தது.

ஜனவரி 11 அன்று ஒரு கட்டடத்தில் வெப்பமூட்டும் ஏற்பாடு நிறுத்தப்பட்டு, உணவும் தடுக்கப்பட்டது. காவல் துறையினர் கண்ணீர்ப்புகைக் குண்டுகளுடன் புகுந்தபோது, தொழிலாளர்கள் கார்க் கதவுகளின் கனத்த கீல்களை வீசியும், உறைபனிக் குளிரில் தீயணைப்புக் குழாய் நீரைப் பீய்ச்சியும் அவர்களை விரட்டினர். துப்பாக்கிச் சூட்டில் பத்துப் பேருக்கு மேல் காயமுற்றனர். மிஷிகன் ஆளுநர் (அமெரிக்காவில் ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர், இந்திய முதலமைச்சருக்கு ஒப்பானவர்) தேசியக் காவற்படையை அனுப்பினார், ஆனால் தொழிலாளர்களை வெளியேற்ற அதைப் பயன்படுத்த மறுத்துவிட்டார். அந்த ஆளுநர் ஃபிராங்க் மர்ஃபி. படையைக் காட்டி வேலைநிறுத்தங்களை முறித்த பழைய ஆளுநர்களோடு ஒப்பிட்டால், நாட்டின் அரசியல் எவ்வளவு மாறியிருந்தது என்பது விளங்கும். 44ஆம் நாளான பிப்ரவரி 11 அன்று ஜெனரல் மோட்டார்ஸ் ஐக்கியக் கார்த் தொழிலாளர் சங்கத்தை அங்கீகரித்தது. மர்ஃபி அடுத்த தேர்தலில் தோற்றார். ஃபோர்டு நிறுவனம் அடியாட்களை வைத்து மேலும் நான்காண்டு தாக்குப்பிடித்து, 1941இல் பணிந்தது.

போர்க்காலத்தில் கார் ஆலைகள் விமானமும் டாங்கியும் செய்தன. 1950இல் ஜெனரல் மோட்டார்ஸும் சங்கமும் செய்துகொண்ட ஐந்தாண்டு உடன்பாட்டை ‘டெட்ராய்ட் ஒப்பந்தம்’ என்று ஃபார்ச்சூன் இதழ் அழைத்தது. விலைவாசி ஏறினால் தானாக ஏறும் அகவிலைப்படி, ஆண்டுதோறும் ஊதிய உயர்வு, நிறுவனச் செலவில் ஓய்வூதியம், மருத்துவக் காப்பீட்டில் பங்கு ஆகியவை அதில் உறுதியாயின. ஐந்தாண்டுகளுக்கு முன் கணக்குப் புத்தகங்களைத் திறந்து காட்டுமாறு நிறுவனத்தைக் கேட்ட சங்கத் தலைவர் வால்டர் ராய்தர், இப்போது விலை நிர்ணயமும் ஆலையை எங்கே அமைப்பது என்ற முடிவும் நிர்வாகத்தின் உரிமை என்பதற்கு உடன்பட்டார். இந்த விட்டுக்கொடுத்தலே பின்னாளில் டெட்ராய்ட்டுக்கு வினையாயிற்று.

சம்பளத்தை வீடாக மாற்றியது வேறொரு ஏற்பாடு. 1934இல் அமைந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம், வங்கிகள் தரும் வீட்டுக்கடனுக்குக் காப்புறுதி அளித்ததால், சிறு முன்பணமும் நீண்ட தவணையும் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டின. போர்வீரர்களுக்கான 1944ஆம் ஆண்டுச் சட்டம் இதை மேலும் விரித்தது. சொந்த வீட்டில் வாழ்ந்த குடும்பங்களின் பங்கு 1940இல் 44 விழுக்காடாக இருந்து 1960இல் 62 விழுக்காடாயிற்று. ஆனால், கருப்பினத்தார் வாழும் பகுதிகளை ஆபத்தானவை என்று அந்த நிர்வாகம் வகைப்படுத்தியது. அவர்களுக்கு வீட்டை விற்கக் கூடாது என்ற நிபந்தனையைக் கிரயப் பத்திரத்தில் எழுதுவதைத் தன் கையேட்டிலேயே பரிந்துரைத்தது. 1941இல் டெட்ராய்ட்டின் எட்டு மைல் சாலைக்கருகே, வெள்ளையருக்கான குடியிருப்பு ஒன்றுக்குக் கடன் காப்புறுதி மறுக்கப்பட்டது. பக்கத்தில் கருப்பினத்தார் வசித்ததே காரணம். கட்டுமானக்காரர் இரு பகுதிகளுக்கும் நடுவே ஆறடி உயரத்தில், ஏறத்தாழ அரை மைல் நீளத்துக்குக் கான்கிரீட் சுவர் எழுப்பினார். காப்புறுதி கிடைத்தது.

இத்தகைய பத்திர நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1948இல் தீர்ப்பளித்தது. விசாரிக்கப்பட்ட வழக்குகளில் ஒன்று டெட்ராய்ட்டின் மக்கீ குடும்பத்தினுடையது. தீர்ப்பளித்த ஆறு நீதிபதிகளில் ஒருவர் மர்ஃபி. எனினும், எழுதப்படாத தடைகள் அப்படியே நின்றன.

1950இல் 18.5 லட்சம் பேர் வாழ்ந்த டெட்ராய்ட்டின் மக்கள் தொகை அதன்பின் சரியத் தொடங்கியது. புதிய ஆலைகளைப் புறநகருக்கும் பிற மாநிலங்களுக்கும் நிறுவனங்கள் கொண்டுசென்றன. அதில் தலையிடச் சங்கத்துக்கு உரிமை இருக்கவில்லை. வெள்ளைத் தொழிலாளி வேலையைத் தொடர்ந்து புறநகரில் வீடு வாங்கலாம். கருப்பினத் தொழிலாளிக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. கடைசியாகச் சேர்ந்தவரே முதலில் நீக்கப்படுவார் என்ற பணிமூப்பு விதியால் வேலையிழப்பும் அவரையே முதலில் தாக்கியது. வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் கூட்டாட்சிச் சட்டம் 1968 ஏப்ரலில்தான் வந்தது. 1947க்கும் 1963க்கும் இடையிலேயே டெட்ராய்ட் நகரம் 1,34,000 ஆலை வேலைகளை இழந்திருந்தது.