டிகிரியா, டிராஃப்டா? அமெரிக்க கல்லூரி ஃபுட்பால் நட்சத்திரங்களின் குழப்பம்

அமெரிக்காவில் பள்ளிப் படிப்பு முடிந்து 3 வருஷம் ஆனால்தான், அணிகள் புது வீரர்களைத் தேர்வு செய்யும் என்எஃப்எல் டிராஃப்டுக்குப் போக முடியும். டிகிரிக்கோ 4 வருஷம். அந்தக் கடைசி வருஷம்தான் சிக்கல்.

காத்திருந்தால் என்ன ஆகும்? 2004-ல் ஹைஸ்மன் விருது வென்றும் கல்லூரியிலேயே தங்கிய மேட் லைனார்ட், 2006 டிராஃப்டில் 10-வது இடத்துக்குச் சரிந்தார். ஸ்டான்ஃபோர்டின் ஆண்ட்ரூ லக், 2011 டிராஃப்டைத் தவிர்த்து டிகிரி முடித்தார். 2012-ல் முதல் ஆளாகத் தேர்வானார். ஆனா, தொடர் காயங்களால் 29 வயதிலேயே ஓய்வு! பிறகு மறுபடியும் ஸ்டான்ஃபோர்டில் படிக்கப் போனவர், 2024-ல் அதன் ஃபுட்பால் அணிக்கே ஜெனரல் மேனேஜர் ஆனார்.

2021 முதல் கல்லூரி வீரர்களும் விளம்பரங்களில் சம்பாதிக்கலாம். அதனால், காத்திருப்பது இப்போ கொஞ்சம் ஈஸி. ஆனா, காயம் பட்டால் மொத்தக் கணக்கும் மாறிடும்.